இருபத்து மூன்றாம் தாள்

மார்ச் 4, செவ்வாய்

மாடிக் குழாயில் மறுபடி சொட்டு. துணி சுற்றி வைத்திருக்கிறேன். மூக்குக் கண்ணாடியின் வலது கால் தளர்ந்துவிட்டது, நூல் கட்டியிருக்கிறேன்.

மாலையில் சின்னவன் மேலே வந்தான். எழுதும்போதே கை தயங்குகிறது. நாற்பத்தாறு வயதுக்காரரை, அதுவும் வீட்டுக்குச் சொந்தக்காரரை, 'வந்தான்' என்று எழுதலாமா? ஆனால் கீழ் வீட்டில் அவன் பிறந்தபோது நாங்கள் இந்த மாடிக்குக் குடிவந்து இரண்டு வருடம். அவன் அப்பா அடிக்கக் கை ஓங்கினால் படியேறி ஓடிவந்து எங்கள் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. 'வந்தான்' என்றே இருக்கட்டும்.

"பெரியப்பா, வீட்டுக்கு நூறு வயசு தாண்டிடுச்சு. அதோட சரித்திரத்தை நீங்கதான் எழுதணும். புத்தகமா போடுவோம். அட்டையில உங்க பேரு."

நான் என்ன எழுத்தாளனா என்றேன். "முப்பத்தி நாலு வருஷம் சர்வே ஆபீஸ்ல அடுத்தவங்க தப்பையெல்லாம் கண்டுபிடிச்சவரு. உங்களை விட்டா யாரு இருக்கா?" என்றான்.

உண்மைதான். எனக்கு ஒரு கோடு நேராகப் போட வராது. மற்றவர் போட்ட கோடு கோணலா என்று பார்க்க மட்டும் தெரியும். அதற்குத்தான் சம்பளம் கொடுத்தார்கள்.

அவன் இறங்கிப் போனதும் மனைவி, "அட்டையில பேருன்னதும் முகம் பல்பு மாதிரி எரியுது. அணைச்சிட்டு வந்து சாப்பிடுங்க" என்றாள்.

மார்ச் 5, புதன்

தொடங்குமுன் தெரிந்ததை எழுதிவைக்க வேண்டும்.

தெருவில் ஒரே வரிசைதான்; எதிரே ரயில்வே மதில். மொத்தம் முப்பத்து நான்கு மனைகள். எங்கள் வீடு 17. வாசல் தூணில் பித்தளைப் பலகை: 'தொழிலாளருக்கான இந்நகரின் முதல் இரவுப் பள்ளி இவ்வீட்டில் நடைபெற்றது.' பலகை வைத்து இருபத்தாறு வருடம் ஆகிறது. அன்று கைதட்டியவர்களில் நானும் ஒருவன்.

பலகை இருப்பதால் வீடு நகராட்சியின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. இடிக்கக் கூடாது. தெருவில் பாதி வீடுகள் அடுக்குமாடிகளாகிவிட்டன. நாம் இன்னும் இந்த மாடியில் இருப்பதே பலகையின் நாலு திருகாணி புண்ணியத்தில்தான் என்பாள் மனைவி.

வேலை முறை அலுவலகத்தில் செய்ததுபோலவே. ஒரு மனைக்கு ஒரு தாள். ஒவ்வொரு தாளிலும் பக்க எண், தேதி, என் சுருக்கொப்பம். ஒரு செய்திக்கு இரண்டு சான்று. ஒன்றுதான் கிடைத்தால் பென்சிலில் எழுதிக் காத்திருப்பது. எல்லாவற்றுக்கும் எனக்கு ஒரு நகல்.

மார்ச் 11, செவ்வாய்

நகராட்சிப் பதிவறை. வாசலிலேயே பத்து நிமிடம் நின்றேன். என்ன வேண்டும் என்று கேட்டால் என்ன சொல்வது? ஒரு வீட்டின் சரித்திரம் என்றால் சிரிக்க மாட்டார்களா?

பொறுப்பில் இருக்கும் அம்மாள் சிரிக்கவில்லை. "உள்ள வாங்கய்யா. இந்த ரூமுக்கு எலிகூட இப்ப வர்றதில்ல. ருசியா எதுவும் இல்லேன்னு அதுவே போயிடுச்சு" என்றார். மின்விசிறி போட்டதில் தூசி பறந்தது. இருவரும் தும்மினோம்.

மார்ச் 20, வியாழன்

கிடைத்துவிட்டது! பழைய குடியிருப்போர் பட்டியல். அந்தக் காலத்தில் எண்ணுக்கு நேரே தொழிலையும் எழுதியிருக்கிறார்கள். 16 – தபால்காரர். 17 – அச்சுக் கோப்பவர். முன்னறையில் இரவுப் பள்ளி நடத்துகிறார். 18 – கடிகாரம் பழுதுபார்ப்பவர்.

பகலெல்லாம் எழுத்துக் கோத்துவிட்டு, மாலையில் சுமை தூக்குகிறவர்களுக்கு அதே எழுத்தைச் சொல்லிக்கொடுத்த மனிதர். அவர் முன்னறைக்கு மேலேதான் நான் நாற்பத்தெட்டு வருடமாகத் தூங்குகிறேன்.

சின்னவனிடம் சொன்னேன். "அப்படியா? அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னும் பாருங்க பெரியப்பா. நடுவுல விட்டுடாதீங்க" என்றான். எவ்வளவு அக்கறை!

மார்ச் 27, வியாழன்

குழப்பம். ஏழு வருடம் கழித்து எடுத்த பட்டியலில் 17 – கடிகாரம் பழுதுபார்ப்பவர். 18 – அச்சுக் கோப்பவர். இருவரும் வீடு மாற்றிக்கொண்டார்களா? எதற்கு? என் கண்ணில்தான் கோளாறா?

மார்ச் 28, வெள்ளி

கண்ணில் கோளாறு இல்லை.

16-இல் இருந்த தபால்காரர் 19-இல் இருக்கிறார். 15-இல் இருந்த செருப்புக் கடைக்காரர் 20-இல். 1-ஆம் எண்ணில் இருந்த மருத்துவச்சி 34-க்குப் போய்விட்டார். ஒரு தெரு முழுவதும் ஒரே நேரத்தில் வீடு மாற்றுமா?

பதிவறை அம்மாள் மறுபக்கத்து அலமாரியிலிருந்து நகராட்சித் தீர்மானப் புத்தகத்தை எடுத்துவந்து கொடுத்தார். இருக்கிறது. தெருவின் மேற்கு முனையில் பேருந்து நிலையம் வந்ததால், இனி எண்கள் அங்கிருந்து தொடங்கும் என்று தீர்மானம். அதுவரை கிழக்கு முனையிலிருந்து எண்ணியிருக்கிறார்கள்.

மனிதர்கள் நகரவில்லை. எண்கள்தான் திரும்பிக்கொண்டன. முப்பத்து நான்கில் பழைய 17 என்பது இன்றைய 18. பக்கத்து வீடு. பலகை வைத்தவர்கள் பழைய பட்டியலில் 17 என்று படித்துவிட்டு, நேரே இன்றைய 17-க்கு வந்து திருகாணி முடுக்கிவிட்டார்கள்.

நான் கைதட்டினேன். சரிபார்ப்பது என் தொழில். கைதட்டினேன்.

மார்ச் 29, சனி

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

மனைவியிடம் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டே நனைத்த துணியைப் பிழிந்து முடித்தாள். பிறகு, "பலகை போனா பட்டியல் போகும். பட்டியல் போனா இந்த மாடி போகும். இதுதானே?"

"ஆமாம்."

"பக்கத்து வீட்டுல நடந்தா என்ன, நம்ம வீட்டுல நடந்தா என்ன? படிச்சவங்களும் செத்தாச்சு, படிக்க வச்சவரும் செத்தாச்சு. பதினேழுன்னே எழுதிட்டுப் போங்களேன்."

"அது தப்பாச்சே."

"உங்க நேர்மைக்கு இந்த வயசுல நான் பெட்டி கட்டணுமா?"

எனக்கும் அதே பயம்தான். ஆனால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எழுதக் கை வராது. இதை நேர்மை என்பதா, பழக்கம் என்பதா?

ஏப்ரல் 3, வியாழன்

18-ஆம் எண் இப்போது டயர் கிடங்கு. உயரமான மதில். காவலாளியிடம் கேட்க நான்கு முறை நடையாக நடந்தேன். நான்காம் முறை அவரே, "என்னய்யா, காணாமப் போன டயரைத் தேடுறீங்களா?" என்று கூப்பிட்டுவிட்டார்.

தகரக் கூரைக்குப் பின்னால் பழைய முன்னறை அப்படியே நிற்கிறது. சுண்ணாம்பு உரிந்த இடத்தில் கறுப்புப் பூச்சு. கையால் தடவிப் பார்த்தேன். நீள்சதுரம். ஆறடிக்கு நான்கடி. தரையிலிருந்து இரண்டரையடி உயரம். சுவரிலேயே பூசிய கரும்பலகை. கீழ் ஓரத்தில் எவனோ ஆணியால் கீறிய ஒரே ஒரு எழுத்து: 'அ'.

இரண்டாம் சான்று. பென்சிலில் இருந்ததை மையால் எழுதிவிடலாம்.

கிளம்பும்போது காவலாளி சொன்னார்: "எதுவும் எழுதிக் குடுத்து என் வேலைக்கு உலை வச்சிடாதீங்கய்யா. முதலாளி வேற புதுசு. உங்க வீட்டுக்காரரோட மச்சான்தான், போன வருஷம் வாங்குனாரு."

சின்னவன் இதைச் சொல்லவேயில்லையே. மறந்திருப்பான். ஆயிரம் வேலை அவனுக்கு.

ஏப்ரல் 9, புதன்

அறிக்கை முடிந்தது. இருபத்து நான்கு தாள். இரண்டு சான்று கிடைத்த மனைகளுக்கு மட்டும் தாள். 22-ஆம் தாளில் இன்றைய 17: 'இரவுப் பள்ளி நடந்த வீடு இதுவன்று.' 23-ஆம் தாளில் இன்றைய 18: 'இரவுப் பள்ளி நடந்த வீடு இதுவே. கரும்பலகை இன்னும் உள்ளது.' 24-இல் 'மேற்கண்டவை நான் நேரில் ஒப்புநோக்கியவை' என்ற உறுதிமொழியும் முழுக் கையெழுத்தும்.

ஏப்ரல் 10, வியாழன்

கீழே போய்க் கொடுத்தேன். வார்த்தை குழறியது. "தம்பி, நீ எதிர்பார்த்தது இதுல இல்ல. பலகை தப்பான வீட்டுல இருக்கு. உங்கப்பா அவ்வளவு பெருமைப்பட்டாரு…"

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "உண்மைதான் பெரியப்பா முக்கியம். நீங்க எதை எழுதினாலும் எனக்குச் சம்மதம்."

படியேறும்போது கண் கலங்கிவிட்டது. பிள்ளை இல்லையே என்று இனி நினைக்கக் கூடாது என்று தோன்றியது. மனைவியிடமும் சொன்னேன். "அவ்வளவு சீக்கிரம் சம்மதிச்சானா?" என்று மட்டும் கேட்டாள்.

மே 6, செவ்வாய்

நகராட்சியிலிருந்து கடிதம். மூன்று முறை படித்தேன். உரிமையாளரின் மனுவின் பேரில், 17-ஆம் எண் வீட்டைப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து நீக்குவது குறித்து 15-ஆம் தேதி விசாரணை. ஆதாரம்: 'அவ்வீட்டிலேயே நெடுங்காலம் குடியிருப்பவரும், நில அளவை அலுவலகத்தில் ஓய்வு பெற்றவருமானவர் அளித்த அறிக்கை.'

புத்தகம் இல்லை. அட்டையும் இல்லை. மனு.

மே 7, புதன்

காலையில் படிக்கட்டில் காத்திருந்தேன். எழுபத்தேழு வயதில் ஒருவனைக் கேள்வி கேட்பதற்காக இப்படிக் காத்திருந்தது இதுவே முதல்முறை.

"மனு போடப் போறேன்னு ஏம்பா சொல்லல?"

"நீங்க கேக்கலையே பெரியப்பா."

"புத்தகம்னு சொன்னியே…"

கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே பேசினான். பலகை தப்பு என்பது அவன் அப்பாவுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியுமாம். கிழக்கு முனையிலிருந்து எண்ணிய காலத்தை அவர் தாத்தா சொல்லியிருக்கிறாராம். "நான் சொன்னா சொத்துக்காகச் சொல்றான்னு சொல்லுவாங்க. நீங்க சொன்னா மறுபேச்சு கிடையாது. இடிச்சா வீடு போற ஆளே எழுதிக் குடுத்தா, அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? உங்களுக்குப் பொய் சொல்ல வராதுன்னு ஊருக்கே தெரியும்."

பாராட்டுவதுபோலவே சொன்னான். நானும் — வெட்கமாக இருக்கிறது — ஒரு கணம் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

"உங்களுக்கு நல்ல இடமா நானே பாத்து வைக்கிறேன் பெரியப்பா. லிஃப்ட் இருக்கிற இடம்."

மே 8, வியாழன்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மே 10, சனி

அவன் மார்ச்சில் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. 'அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னும் பாருங்க பெரியப்பா.' எதைத் தேடுகிறேன் என்று எனக்குத் தெரியாது. என்ன கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

மனைவி அவனுடைய பழைய பால் டம்ளரை அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்ப அதே இடத்தில் வைத்தாள். "வளர்த்த கடா மார்ல பாயும்னு சொல்லுவாங்க. நம்ம கடா படிச்ச கடா. நம்ம கையில ஒப்பம் வாங்கிட்டுல்ல பாயுது" என்றாள். சிரித்தோம். பிறகு அவள் உள்ளே போய்விட்டாள்.

மே 15, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நீள மேசை. மூன்று அதிகாரிகள். நடுவில் ஓர் அம்மையார். சின்னவன் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டான். அந்த மரியாதையில் குறைவில்லை. மேசையில் புதிய கட்டடத்தின் வரைபடம் விரித்திருந்தது. வரைபடம் என்றால் என் கண் தானாகப் போகும். அகலம் ஒரு மனைக்குரியது அல்ல. இரண்டு மனை. 17-உம் 18-உம் சேர்ந்து ஒரே கட்டடம்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

அம்மையார் அறிக்கையைத் தள்ளி, "இது உங்க கையெழுத்துதானே? பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார். பழக்கதோஷத்தில் பக்க எண்களைப் பார்த்துக்கொண்டே புரட்டினேன். 20. 21. 22. 24.

மறுபடி புரட்டினேன். 22. 24.

ஒரு மனைக்கு ஒரு தாள் என்று எழுதினேனே, உருவுவதற்கு அது எவ்வளவு வசதி! வாக்கியம் அறுபடவில்லை. பள்ளி இங்கே இல்லை என்ற தாள் இருக்கிறது. எங்கே என்ற தாள் இல்லை. எல்லாம் உண்மை என்று அடியில் என் கையெழுத்து. என் உண்மையையே வெட்டிப் பொய்யாக்கி, அதற்கு என்னையே சாட்சியாக உட்கார வைத்திருக்கிறான். மச்சான் பெயரில் வாங்கிய கிடங்கு. இரண்டு மனை அகலம். எல்லாம் அந்த நாற்காலியில்தான் புரிந்தது.

"ஐயா? எல்லாம் சரியா இருக்கா?"

வாய் திறந்தேன். சின்னவன் என்னைப் பார்த்தான். கட்டிலுக்கு அடியிலிருந்து பார்ப்பானே, சொல்லிடாதீங்க என்று, அதே பார்வை.

"சரி" என்றேன்.

சரி என்றேன்! முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு தாள் குறைந்த கட்டை நான் சரி என்று அனுப்பியதில்லை.

மே 16, வெள்ளி

கோழை.

மே 19, திங்கள்

மனைவியிடம் மூன்று நாள் கழித்துத்தான் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "வாயால சொல்ல வராதுன்னு எனக்குத் தெரியாதா? என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவே நீங்க ஒரு வார்த்தை பேசல. மறுநாள் தபால்லதானே சம்மதம்னு எழுதிப் போட்டீங்க" என்றாள்.

எழுந்து போகும்போது: "தபாலாபீஸ் இன்னும் இருக்குல்ல?"

மே 20, செவ்வாய்

ஐந்து வரைவு கிழித்தேன். ஒன்றில் கோபம் அதிகம். ஒன்றில் அழுகை. ஒன்றில் அவனைப் பற்றியே ஒரு பக்கம். சரிபார்ப்பவன் தாளைப் பற்றி எழுத வேண்டும். ஆளைப் பற்றி அல்ல.

இதை அனுப்பினால் அவனுக்கு என்ன ஆகும்? அவன் மூழ்கிவிட மாட்டான். எனக்கு என்ன ஆகும்? எப்படியும் இந்த மாடி போகத்தான் போகிறது. 17-இல் பள்ளி நடக்கவில்லை; அது மாறாது. என்னைக் காப்பாற்றிக்கொள்ள அல்ல என்றால், பின் எதற்கு? பழிவாங்கவா? இல்லை என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. கொஞ்சம் இருக்கிறது. அதையும் எழுதிவைக்கிறேன்.

ஆனால் அந்த 'அ'-வும் இருக்கிறது. அதை இடித்துவிடுவார்கள்.

மே 22, வியாழன்

பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையுடன் அனுப்பினேன்.

'ஐயா/அம்மையீர், 15-ஆம் தேதி நான் சரி என்று ஒப்புக்கொண்ட அறிக்கையில் 23-ஆம் தாள் இல்லை. அன்றே சொல்லாதது என் பிழை. என் நகலிலிருந்து அத்தாளை இத்துடன் இணைத்துள்ளேன். பக்க எண், தேதி, சுருக்கொப்பம் ஆகியவற்றை மற்றத் தாள்களோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.'

அவ்வளவுதான். அவன் பெயர் எங்கும் இல்லை.

மே 30, வெள்ளி

ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. ஊதா முத்திரை. இந்தப் புத்தகத்தில் வைத்திருக்கிறேன்.

ஜூலை 3, வியாழன்

நகராட்சியிலிருந்து இருவர் வந்து கிடங்குக்குள் இருக்கும் பழைய முன்னறையை அளந்தார்கள். நான் ஜன்னல் ஓரத்தில் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். காவலாளி மேலே பார்த்து, உலை வைத்துவிட்டீர்களே என்பதுபோல் கையை விரித்தார். பிறகு அவரே அவர்களுக்கு ஏணி பிடித்தார்.

ஜூலை 4, வெள்ளி

சின்னவன் படியேறி வந்தான். வாசலோடு நின்றான்.

"ஏன் பெரியப்பா இப்படிப் பண்ணீங்க? ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே. கூட இருந்தே குழி பறிச்சிட்டீங்களே!"

அவன் குரல் உண்மையிலேயே உடைந்திருந்தது. நடிப்பில்லை. தன்னைத்தான் ஏமாற்றிவிட்டார்கள் என்று அவன் நம்புகிறான். 'நீ கேக்கலையே' என்பது நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. பயத்தாலா, இரக்கத்தாலா?

உள்ளேயிருந்து மனைவி, "டீ போடவா?" என்று கேட்டாள். அவன் இறங்கிப் போய்விட்டான்.

ஜூலை 24, வியாழன்

இரண்டு ஆள், ஒரு திருப்புளி. நான்காவது திருகாணி துருப்பிடித்து அடம்பிடித்தது. பலகையைக் கழற்றிப் பக்கத்து மதிலில் முடுக்கினார்கள். யாரும் கைதட்டவில்லை. எங்கள் தூணில் நான்கு ஓட்டை. பலகை இருந்த இடம் மட்டும் வெளிறித் தெரிகிறது.

17 பட்டியலிலிருந்து நீங்கியது. 18 சேர்ந்தது. பதிவறை அம்மாள் தொலைபேசியில் சொன்னார்: "ஒரு மனையில அந்தக் கட்டடம் நிக்காதாம்யா. கட்டுறவங்க விலகிட்டாங்களாம். இப்போதைக்குத்தான்."

இப்போதைக்கு. இனி எங்களுக்கு எந்தத் திருகாணியும் இல்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

குழாயில் மறுபடி சொட்டு. துணி போதவில்லை. கீழே போய்ச் சொல்ல வேண்டும். நாளை சொல்லலாம்.

செப்டம்பர் 2, செவ்வாய்

குழாயைச் சரிசெய்ய ஆள் வந்தான். நான் கடைசிவரை சொல்லவில்லை. மனைவி மாடியிலிருந்தே சத்தம் போட்டிருக்கிறாள். வேலை முடிந்ததும் கதவு தட்டும் ஓசை. அந்தத் தட்டலே எனக்குப் புதிது. முன்பெல்லாம் சின்னவன் தட்டாமல்தான் உள்ளே வருவான்.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். தலைமுடி முன்புறம் நிறைய நரைத்திருக்கிறது. நான் கவனித்ததே இல்லை.

"தண்ணி இப்ப ஒழுங்கா வருதா சார்?"

"வருது" என்றேன்.

"சரி சார்."

ஒவ்வொரு படியாக இறங்கும் சத்தம் கேட்டது. கதவைச் சாத்தினேன். மனைவி உள்ளேயிருந்து, "யாருங்க?" என்று கேட்டாள்.

"வீட்டுக்காரர்" என்றேன்.